ஜெயலலிதாவின் சுற்றுச்சூழல் கணக்கு: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாட்டில் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால், சற்று நேரத்தில் அது ஜெயலலிதாவின் மழைநீர் சேகரிப்புச் சட்டத்துக்கு வந்து நிற்கும். ஒருவர் அதை மெச்சுவார். இன்னொருவர் கூடங்குளத்தையும் கிரானைட் குவாரிகளையும் எடுத்துப் போடுவார். ஆறு முறை முதலமைச்சராகப் பதவியேற்ற அவர் சுற்றுச்சூழல் விஷயத்தில் செய்ததையும், செய்யாமல் விட்டதையும், செய்துவிட்டு மாற்றிக்கொண்டதையும் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் வட்டாரத்து வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளாகவே கீழே தொகுத்திருக்கிறோம்.

எந்த ஆண்டுகளைக் கணக்கில் எடுக்க வேண்டும்?

1991 முதல் 1996 வரை. 2001-ல் சில மாதங்கள். 2002 மார்ச் முதல் 2006 மே வரை. 2011 மே முதல் 2014 செப்டம்பர் வரை. 2015 மே முதல் 2016 டிசம்பர் 5-ல் அவர் மறையும் வரை. இடையில் வழக்குகளின் காரணமாக ஓ. பன்னீர்செல்வம் பொறுப்பில் இருந்த மாதங்கள் இதில் சேரவில்லை. ஜெயலலிதா பெயரில் மக்கள் நினைவில் நிற்கும் சில திட்டங்கள் உண்மையில் அவருக்குப் பின் வந்தவை. அவற்றை அந்தந்த இடத்தில் சுட்டியிருக்கிறோம்.

மழைநீர் சேகரிப்புச் சட்டம் என்ன சொன்னது?

அடுத்தடுத்துப் பருவமழை பொய்த்து, சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டுகொண்டிருந்த 2003-ல் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம் அது. அதற்கு முன்பே புதிய கட்டடங்களுக்கு இந்த நிபந்தனை இருந்தது. 2003 ஜூலையில் மாநகராட்சி, நகராட்சிச் சட்டங்களைத் திருத்தி, ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களும், அரசுக் கட்டடமானாலும் தனியார் வீடானாலும், மழைநீர் சேகரிப்பு அமைப்பை ஏற்படுத்தியாக வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். ஆகஸ்ட் 31 என்று முதலில் கெடு விதித்து, பிறகு அக்டோபர் 10 வரை நீட்டித்தார்கள். செய்யாத வீட்டில் உள்ளாட்சி அமைப்பே அதைக் கட்டிவிட்டுச் செலவை வீட்டுக்காரரிடம் சொத்து வரியைப் போல வசூலிக்கலாம், குடிநீர் இணைப்பையும் துண்டிக்கலாம் என்று சட்டத்தில் இருந்தது.

எங்கள் பார்வையில் அவருடைய சுற்றுச்சூழல் நடவடிக்கைகளில் முதலிடம் இதற்குத்தான். இதில் கெடு இருந்தது, தண்டனை இருந்தது, யார் பொறுப்பு என்ற தெளிவும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தெருவில் நடந்துபோகும் எவரும் ஒரு வீட்டில் இது இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிடலாம். அரசாணைகளில் இப்படிப்பட்டவை குறைவு.

செட்டிநாட்டு வீடுகளில் இது முன்பே இருந்ததே, சட்டத்தால் புதிதாக என்ன வந்தது?

கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் ஆத்தங்குடியிலும் ஒரு பெரிய வீட்டுக்குள் போனவர்களுக்கு இந்தக் கேள்வி இயல்பாக எழும். வளவின், அதாவது முற்றத்தைச் சுற்றிய வீட்டுப் பகுதியின், நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவும் முற்றத்தை நோக்கியே இறங்கும். தூம்பு வழியே விழும் நீரை அண்டாவிலும் கங்காளத்திலும் பிடித்துக்கொள்வார்கள்; மிஞ்சியது முற்றத்து மூலையிலுள்ள துளை வழியாக வெளியேறி, தெருக்கால்வாய் சேர்ந்து, ஊருணிக்குப் போகும். ஊர் நிறைந்தால் ஊருணி, ஊருணி நிறைந்தால் அடுத்த கண்மாய் என்று சரிவு பார்த்து அமைக்கப்பட்ட ஊர்கள் இவை. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் இடம்பெற்றபோது வீடுகளின் அழகோடு இந்த நீர் ஏற்பாடும் பேசப்பட்டது.

சட்டம் சொன்னது வேறு முறை. மொட்டைமாடி நீரைக் குழாய் வழியே இறக்கி, கூழாங்கல்லும் செங்கல் ஜல்லியும் மணலும் அடுக்கிய வடிகட்டும் தொட்டி வழியாக நிலத்துக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ விட வேண்டும். பழைய வளவுக்கு இதனால் பெரிய ஆதாயம் இல்லை. ஆனால் 1980-களுக்குப் பிறகு காரைக்குடியில் செக்காலை, கல்லூரிச் சாலைப் பக்கங்களில் பரவிய கான்கிரீட் வீடுகளுக்கு முற்றமும் கிடையாது, ஊருணிக்குப் போகும் கால்வாயும் கிடையாது. அந்த வீடுகளுக்குத்தான் சட்டம் தேவைப்பட்டது.

ஒரு நடைமுறைச் செய்தியையும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் சில அடி தோண்டினாலே செம்புறாங்கல் தட்டும் இடங்கள் உண்டு. அங்கே மூன்றடிக் குழி வெட்டி மூடி போட்டால் நீர் இறங்காது. முதல் மழையிலேயே நிரம்பி முற்றத்தில் வழியும். வீட்டுக் கிணற்றிலேயே வடிகட்டிய நீரை விடுவதுதான் இங்கே பொருத்தம். 2003-ன் அவசரத்தில் கெடுவுக்கு முன் எதையாவது கட்டிக் காட்டிவிட வேண்டும் என்று ஒரே அளவுக் குழியை எல்லா மண்ணிலும் வெட்டியவர்கள் பலர்.

அதனால் நிலத்தடி நீர் உயர்ந்ததா?

சென்னையில் 2003-04-க்குப் பிந்தைய ஆண்டுகளில் கிணறுகளின் நீர்மட்டம் தெளிவாக உயர்ந்தது. ஆனால் 2005-ல் கொட்டிய பெருமழையை விலக்கிவிட்டு, முழுப் பெருமையையும் சட்டத்துக்குக் கொடுப்பது நேர்மையாகாது. மழை வந்தபோது அதை வாங்கிக்கொள்ள ஆயத்தமாக இருந்தன என்பதுதான் அந்த அமைப்புகளின் பயன்.

பராமரிப்பில்தான் சறுக்கல். இன்று பழைய குழியின் மூடியைத் தூக்கிப் பார்த்தால் சருகும் சேறும் இறுகி, கூழாங்கல் எது மண் எது என்று பிரிக்க முடியாத நிலை பல வீடுகளில் தெரியும். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது கழற்றிய குழாய் திரும்ப மாட்டப்படாமல் சுவரோரம் சாய்ந்து கிடக்கும். கட்டட அனுமதிக்கு வரைபடத்தில் அந்தக் குழி வரையப்படுகிறது; ஐந்து ஆண்டு கழித்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க எவரும் வருவதில்லை. கட்டச் சொன்ன அரசு, துப்புரவு செய்யச் சொல்லும் ஏற்பாட்டை உண்டாக்கவில்லை. பின்வந்த அரசுகளும் அதைச் சரிசெய்யவில்லை.

கண்மாய், ஊருணிகளுக்கு அவர் என்ன செய்தார்? குடிமராமத்து அவருடையதுதானே?

ஏரி, கண்மாய்களைப் பாசனதாரரின் பங்களிப்போடு சீரமைக்கும், மக்கள் நினைவில் இருக்கும் குடிமராமத்துத் திட்டம் 2017 மார்ச்சில், எடப்பாடி பழனிசாமி முதலமைச்சராக இருந்தபோது காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் தொடங்கப்பட்டது. பாசனதாரர் பத்து விழுக்காடு பங்களிப்பது அதன் ஏற்பாடு. ஆகவே அதை ஜெயலலிதாவின் கணக்கில் எழுத முடியாது. அவர் காலத்தில் உலக வங்கிக் கடனுதவியிலும் பிற நிதிகளிலும் ஏரிச் சீரமைப்பு நடந்தது உண்மை. ஆனால் மழைநீர் சேகரிப்பில் காட்டிய முனைப்பு கண்மாய்களின் வரத்துக் கால்வாய் ஆக்கிரமிப்பில் காட்டப்படவில்லை.

ஆண்டுக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை பெறும் சிவகங்கைச் சீமைக்கு இது சிறிய குறையன்று. வீட்டுக் குழி அந்த வீட்டுக் கிணற்றைக் காக்கும். கண்மாய் ஊரையே காக்கும். வரத்துக் கால்வாயில் மனை போட்டு விற்பவர் ஆளுங்கட்சிக்காரராகவும் இருப்பார், எதிர்க்கட்சிக்காரராகவும் இருப்பார் என்பதால், அதைத் தொடுவதற்கு எந்த முதலமைச்சருக்கும் அவசரச் சட்டத்தைவிட அதிகத் துணிவு வேண்டும்.

கூடங்குளம் விஷயத்தில் அவர் நிலைப்பாடு மாறியது ஏன்?

2011 செப்டம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிரான இடிந்தகரைப் போராட்டம் வலுத்தபோது, மக்களின் அச்சம் நீங்கும் வரை பணிகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று அமைச்சரவை தீர்மானம் நிறைவேற்றியது. 2012 மார்ச் 19 அன்று அதே அமைச்சரவை அணுமின் நிலையப் பணிகள் தொடர ஒப்புதல் அளித்து, சுற்றுவட்டார வளர்ச்சிக்கு 500 கோடி ரூபாய் அறிவித்தது. முந்திய நாள்தான் சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு முடிந்திருந்தது. அரசு அமைத்த நிபுணர் குழு நிலையம் பாதுகாப்பானது என்று சொன்னது அதிகாரபூர்வமான காரணம். மாநிலத்தில் பல மணி நேர மின்வெட்டு நீடித்ததும், வாக்குப்பதிவு முடிந்ததும் மற்றக் காரணங்கள் என்று நாங்கள் கருதுகிறோம். ஒப்புதலுக்குப் பின் போராடியவர்கள்மீது தேசத்துரோகப் பிரிவு உட்படப் பெருந்தொகையான வழக்குகள் தொடரப்பட்டன. அணுமின்சாரம் கரியமில வாயுவைக் குறைக்கும் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தை ஏற்றாலும், மக்களிடம் ஆறு மாதம் ஒன்று சொல்லிவிட்டு ஏழாம் மாதம் காவல்துறையை அனுப்பியதை நியாயப்படுத்த முடியாது.

ஸ்டெர்லைட் ஆலையை மூடியவர் அவர்தானா?

ஒரு முறை மூடினார். 1994-ல் தூத்துக்குடியில் அந்தத் தாமிர உருக்காலைக்கு அடிக்கல் நாட்டியவரும் அவரே. 2013 மார்ச்சில் வாயுக் கசிவுப் புகார் எழுந்தபோது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை மூட உத்தரவிட்டது. சில வாரங்களில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் திறக்க அனுமதித்தது. இன்று ஆலை மூடிக் கிடப்பதற்குக் காரணம், 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த பிறகு பழனிசாமி அரசு இட்ட ஆணை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த மூடலை உறுதிசெய்தது.

மீத்தேன் தடை நமக்கும் பொருந்துமா?

டெல்டாவின் நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டத்துக்கு 2011 ஜனவரியில், தி.மு.க. ஆட்சியில், புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜெயலலிதா 2013-ல் அதை நிறுத்திவைத்து நிபுணர் குழு அமைத்து, 2015 அக்டோபரில் நிரந்தரமாகத் தடை செய்தார். இரண்டு ஆண்டு ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்து அதில் நின்றது இந்த விஷயத்தில் நடந்தது. கூடங்குளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது. மேற்கு மாவட்டங்களில் மத்திய அரசு நிறுவனமான கெயிலின் எரிவாயுக் குழாயை விளைநிலத்தில் பதிக்கக் கூடாது, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோக வேண்டும் என்று 2013-ல் எடுத்த நிலை 2016-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

நமக்குப் பொருந்துமா என்றால், புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டம் 2017 பிப்ரவரியில், அவர் மறைந்த பிறகு நடந்தது. 2020-ல் பழனிசாமி அரசு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்கள் மட்டும் சேர்ந்தன. அறந்தாங்கி அதற்குள் வருகிறது, திருமயம் வரவில்லை. சிவகங்கை மாவட்டம் முழுவதும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே இருக்கிறது. செட்டிநாட்டு வாக்காளர் வேட்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியாக இதையே நாங்கள் வைப்போம்.

கிரானைட், மணல்?

திருப்பத்தூரிலிருந்து மேலூருக்குப் பேருந்தில் போகும்போது கீழவளவை நெருங்கினால், செங்குத்தாக அறுபட்டு நிற்கும் பாறைமுகமும், கீழே பச்சை நீர் தேங்கிய பள்ளமும், ஏற்றப்படாமல் கிடக்கும் சதுரக் கற்களும் சன்னல் வழியே தெரியும். 2012-ல் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம், கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று மதிப்பிட்டுக் கடிதம் அனுப்பினார். அவர் இடமாற்றப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில், அதே ஆட்சியில், குவாரிகளில் பெரிய அளவில் சோதனைகள் நடந்தன, வழக்குகள் பதிவாயின. 2014-ல் உயர் நீதிமன்றம் சகாயத்தையே சட்ட ஆணையராக நியமித்தபோது, தமிழக அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்று தோற்றது. நடவடிக்கை எடுத்த அரசே விசாரணையையும் தடுக்கப் பார்த்தது என்பதால், இந்தக் கணக்கில் வரவும் செலவும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

தாது மணலிலும் இதே போக்கு. 2013 ஆகஸ்டில் சோதனை நடத்திய தூத்துக்குடி ஆட்சியர் உடனே மாற்றப்பட்டார். செப்டம்பரில் மாநிலம் முழுவதும் கடற்கரைத் தாது மணல் அள்ளத் தடை வந்தது. ஆற்று மணலைப் பொறுத்தவரை, 2003-ல் தனியார் குத்தகையை ஒழித்துப் பொதுப்பணித் துறையே குவாரி நடத்தும் என்று விதியைத் திருத்தினார். காகிதத்தில் அது நல்ல திருத்தம். வைகைப் படுகையில் மானாமதுரை, திருப்புவனம் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால், அள்ளும் கை மாறியதே தவிர அள்ளும் ஆழம் குறையவில்லை என்பார்கள்.

1991-96 ஆட்சியைப் பற்றிச் சொல்லவேண்டியது உண்டா?

இரண்டு உண்டு. கடலோரம் இறால் பண்ணைகள் பெருகி நன்னீரும் நிலமும் உப்பேறிய காலம் அது. 1995-ல் அவற்றை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலிருந்து அந்தப் பண்ணைகளை அகற்றச் சொன்னபோதுதான் கடிவாளம் விழுந்தது. மற்றொன்று, கொடைக்கானலில் பிளசன்ட் ஸ்டே என்ற விடுதிக்கு மலைப்பகுதிக் கட்டட விதிகளிலிருந்து விலக்கு அளித்த விவகாரம். அந்த வழக்கில் 2000 பிப்ரவரியில் அவருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. குற்றம் நிலைக்கவில்லை என்பதைச் சொல்லாமல் முதற்பாதியை மட்டும் மேடையில் பேசுவது சரியன்று.

காலநிலை மாற்றத்துக்கென்று அவர் தனியாக ஏதேனும் கொள்கை வகுத்தாரா?

2012 அக்டோபரில் வெளியான சூரிய மின்சக்திக் கொள்கையே அதில் முக்கியமானது. 2015-க்குள் 3,000 மெகாவாட் என்று இலக்கு வைத்தார்கள், அருகில்கூடச் செல்லவில்லை. பெரிய மின் நுகர்வோர் ஒரு பங்கைச் சூரிய மின்சாரமாக வாங்க வேண்டும் என்ற கட்டாயத்தை மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்துசெய்தது ஒரு காரணம். விலை நிர்ணயம் தாமதமானது இன்னொன்று. பிறகு ஒப்பந்தமாகி 2016-ல் இயங்கத் தொடங்கிய ராமநாதபுரம் மாவட்டம் கமுதியின் அதானி சூரிய மின் நிலையம், 648 மெகாவாட் திறனோடு, ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே மிகப் பெரியது என்று அப்போது பேசப்பட்டது. யூனிட் 7 ரூபாய் 1 காசு என்று வாங்கச் சம்மதித்த விலை அன்றே விமர்சிக்கப்பட்டது.

கிராமங்களுக்கு வந்தது 2011-ன் பசுமை வீடுகள் திட்டம். 300 சதுர அடி வீடு, தொடக்கத்தில் 1.80 லட்சம் ரூபாய், அதில் 30,000 சூரிய விளக்குகளுக்கு. ஐந்து ஆண்டில் மூன்று லட்சம் வீடு என்பது திட்டம். மழைநீர் சேகரிப்பும் வரைபடத்திலேயே இருந்தது. ஏழை வீட்டுக் கூரையில் சூரியத் தகடு ஏறியது பெரிய செய்தி. ஆனால் பேட்டரிக்கு ஆயுள் சில ஆண்டுதான்; அது தீர்ந்தபின் புதிது வாங்கக் கூலிவேலை செய்யும் குடும்பத்தால் முடியாது. கல்லல், சாக்கோட்டை ஒன்றியங்களில் தகடு மேலே வெயில் வாங்கிக்கொண்டிருக்க, கீழே வாரிய மின்சாரத்தில் விளக்கெரியும் வீடுகளைப் பார்க்கலாம்.

அதே காலத்தில், நமக்குக் கிழக்கே ராமநாதபுரம் கடலோரத்து உப்பூரில் 1,600 மெகாவாட் அனல்மின் திட்டமும் முன்னெடுக்கப்பட்டது. 2021-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது; திட்டம் அங்கே கைவிடப்பட்டது. ஒரு கையில் சூரியன், மறு கையில் நிலக்கரி என்பதை முரண்பாடு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மின்வெட்டால் ஆட்சியையே இழந்த கட்சியைப் பார்த்துவிட்டு வந்தவர் எல்லா வழியிலும் மின்சாரம் தேடினார். காலநிலை என்ற அளவுகோல் அந்தத் தேடலில் பின்னால்தான் இருந்தது. மாநிலக் காலநிலைச் செயல்திட்டத்தின் முதல் வடிவம் அவர் கட்சியின் அந்த ஆட்சிக்காலத்திலேயே உருவானது என்றாலும், துறையின் பெயரிலேயே காலநிலை மாற்றம் சேர்ந்ததும், அதற்கெனத் தனி இயக்கங்கள் வந்ததும் 2021-க்குப் பின், மு.க. ஸ்டாலின் ஆட்சியில்.

பிளாஸ்டிக், மரம், காட்டுயிர்?

2002-ல் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்யக் கொண்டுவந்த சட்ட முன்வரைவு, உற்பத்தியாளர் எதிர்ப்புக்கிடையே சட்டமாகாமல் போனது. தடை 2019 ஜனவரி 1-ல்தான் வந்தது. பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையை அவர் அரசு தொடக்கத்திலேயே ஏற்றது. அதைக் கண்டறிந்த பேராசிரியர் ஆர். வாசுதேவன் பணியாற்றிய மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி, நம் சீமையின் கருமுத்து தியாகராசர் நிறுவியது என்பதில் நமக்குச் சற்றுப் பெருமை உண்டு.

அவருடைய 64-ஆவது பிறந்தநாளுக்கு 64 லட்சம் மரக்கன்றுகள் என்று வயதைக் கணக்காக வைத்து நட்டதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நட்டதற்கு எண் இருக்கிறது, பிழைத்ததற்கு எண்ணைக் காணோம். சத்தியமங்கலம் 2013-ல் புலிகள் காப்பகமானது நிலைத்து நிற்கும் செயல். 2003-ல் முதுமலையில் கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் தொடங்கினார். குன்றக்குடிக் கோயில் யானை சுப்புலட்சுமி 2024-ல் கொட்டகைத் தீயில் காயமுற்று இறந்தபோது அந்த முகாம்களைப் பலர் நினைத்துக்கொண்டார்கள்.

2015 சென்னை வெள்ளத்துக்கு அவர் பொறுப்பா?

மழைக்குப் பொறுப்பில்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் வெளியேற்றத்தைக் கையாண்ட விதம் குறித்து, பிறகு வெளிவந்த இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை கடுமையாகக் குறை சொன்னது. முடிவெடுக்கும் அதிகாரம் முழுவதையும் மேலே குவித்துவைத்த ஆட்சி முறைக்கு, நள்ளிரவில் மதகு திறக்கும் வேலை ஒத்துவராது.

நம் ஊரில் இவற்றை எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் நீர்நிலை யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். ஊருணி பெரும்பாலும் ஊராட்சியிடம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். "கண்மாய்க்கு என்ன செய்தீர்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். எந்த ஆண்டு, எந்தத் திட்டத்தில், கரை எத்தனை மீட்டர், மடை எத்தனை, கலுங்கு (உபரி நீர் வழியும் இடம்) பழுது பார்த்ததா, செய்த வேலையை அளந்து பதிவுசெய்யும் அளவுப் புத்தகத்தின் நகல் எங்கே என்று கேளுங்கள். வரத்துக் கால்வாய்க்குப் புலப்பட (நில அளவை வரைபட) நகலைத் தனியாக வாங்கிக்கொண்டு, நடந்து பார்த்து, ஆக்கிரமிப்பு இருந்தால் மார்ச் 22 தண்ணீர் நாள் கிராம சபையில் எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வரவும். காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டதால் அங்கே கிராம சபை இல்லை. உங்கள் வார்டு உறுப்பினர் வழியாகவோ நேரடியாகவோ ஆணையருக்கு எழுத வேண்டும்.